காலைக்கடன்: கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் எச்சரிக்கை

முதல்லயே சொல்லிடறேன். டிபன் தட்டோட உட்கார்ந்து படிக்கிறவங்க தயவுசெஞ்சு தட்டைக் காலி பண்ணிட்டு வாங்க. இந்தப் பதிவு முழுக்க 'அந்த' விஷயம்தான்.

'அந்த' விஷயத்தை நேரடியாச் சொல்ல நமக்கு எப்பவுமே கூச்சம். வெளிக்குப் போறது, கொல்லைக்குப் போறது, ரெண்டுக்குப் போறது என்று சுற்றி வளைப்போம். பள்ளிக்கூடத்து இலக்கணத்தில் இடக்கரடக்கல் என்று படிச்சிருப்பீங்களே, அதுக்கு வாத்தியார் கொடுக்கிற உதாரணமே 'கால் கழுவி வந்தான்'தான். இருக்கிற சொற்களிலேயே கொஞ்சம் கௌரவமானது 'காலைக்கடன்'.

இந்தச் சொல்லைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. உள்ளே ரெண்டு கட்டளை ஒளிஞ்சிருக்கு. ஒண்ணு, காலையில் நடக்கணும். ரெண்டு, அது கடன், தினமும் கட்டித் தீர்க்கணும். கடன் என்றால் கடமை என்றும் பொருள் உண்டு, ஒத்துக்கறேன். ஆனா நம்ம வீட்டுப் பெரியவங்க பேசறதைக் கேட்டா, ஒரு நாள் தவறினாலும் வட்டி ஏறுகிற கந்துவட்டிக் கடன் மாதிரிதான் இருக்கும்.

இந்த பயம் நமக்கு மட்டும் சொந்தமில்லை. மூவாயிரத்து ஐந்நூறு வருஷமா உலகத்தையே ஆட்டிவைத்த பயம் இது. பயப்பட வேண்டாத இடத்தில் பயந்து குடலையே அறுத்துப் போட்டிருக்காங்க. உண்மையிலேயே பயப்பட வேண்டிய இடத்தில் கூச்சப்பட்டு வாயை மூடிக்கிட்டு செத்தும் போயிருக்காங்க. இரண்டும் ஒரே கதையின் இரண்டு பக்கம். அதைத்தான் சொல்லப்போறேன்.

எகிப்தில் தொடங்குவோம்

கி.மு. 1550 வாக்கில் எழுதப்பட்ட ஈபர்ஸ் பாப்பிரஸ் என்கிற எகிப்திய மருத்துவச் சுவடி, உலகத்தில் மிச்சமிருக்கும் மிகப் பழைய மருத்துவ நூல்களில் ஒன்று. அதில் வயிற்றைச் சுத்தம் பண்ண விளக்கெண்ணெய் உட்பட ஏகப்பட்ட வைத்தியம் இருக்கு. அவங்க கொள்கை ரொம்ப எளிமை. குடலில் தங்கிய கழிவு அழுகும், அந்த அழுகல் உடம்பெல்லாம் பரவும், அதுதான் நோய். எகிப்தியர்கள் மாசத்துக்கு மூணு நாள் தொடர்ந்து பேதிக்கு எடுத்துக்குவாங்க என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். மன்னனின் ஆசனவாயைப் பார்த்துக்கொள்ளவே தனி வைத்தியர் இருந்தார். அவருடைய பட்டத்தை மொழிபெயர்த்தால் 'ஆசனவாயின் மேய்ப்பர்' என்று வரும். (நிஜமாத்தாங்க!)

மாசத்துக்கு ஒரு தடவை குழந்தைகளை வரிசையா நிற்கவைத்து, மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் ஊற்றிய நம்ம ஊர்ப் பாட்டிகள் அந்த மேய்ப்பருக்குத் தூரத்துச் சொந்தம்தான்.

விஞ்ஞானம் போட்ட தப்புக் கணக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பழைய பயத்துக்கு வெள்ளைக் கோட்டு மாட்டிவிட்டாங்க. கிருமிகள்தான் நோய்க்குக் காரணம் என்று பாஸ்டரும் காக்கும் நிரூபித்த காலம். பெருங்குடலில் கோடானுகோடி கிருமிகள் இருக்குன்னும் தெரிஞ்சுபோச்சு. அப்போ பெருங்குடல்தான் நோய்களின் தொழிற்சாலை என்று முடிவுகட்ட எவ்வளவு நேரம் ஆகும்? 1887-ல் பிரெஞ்சு மருத்துவர் சார்ல்ஸ் பூஷார் இதுக்கு 'ஆட்டோ இன்டாக்ஸிகேஷன்' என்று பெயர் வைத்தார். உடம்பு தன்னைத்தானே விஷமாக்கிக்கொள்கிறது என்று அர்த்தம்.

இதை நம்பினவங்க சாதாரண ஆட்கள் இல்லை. 1908-ல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட எலீ மெச்னிகாஃப், பெருங்குடல் மனுஷனுக்குத் தேவையே இல்லாத உறுப்பு, அதில் நடக்கும் அழுகல்தான் முதுமைக்குக் காரணம் என்றார். அதுக்கு மருந்தாகப் புளித்த பாலைச் சிபாரிசு செய்தார். இன்றைக்கு சூப்பர் மார்க்கெட்டில் 'புரோபயாட்டிக்' தயிர் என்று விற்பதற்கெல்லாம் மூதாதை அவர்தான். தயிரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நமக்கும் சந்தோஷம்தான் :-)

லண்டன் கைஸ் மருத்துவமனையில் சர் வில்லியம் ஆர்பத்னாட் லேன் என்று ஒரு அறுவை மருத்துவர். லேசுப்பட்டவர் இல்லை. உடைந்த எலும்பைத் தகடு வைத்து இணைப்பதில் முன்னோடி. நாலு காலில் நடந்தவன் நிமிர்ந்து நிற்க ஆரம்பித்ததால் குடல் கீழே தொங்கி மடிந்து அடைத்துக்கொள்கிறது என்பது இவர் கட்சி. எனவே மலச்சிக்கல் உள்ளவர்களுக்குப் பெருங்குடலைத் தவிர்த்துக் குறுக்குவழி போட்டுத் தைத்தார். பிறகு பெருங்குடலையே எடுக்க ஆரம்பித்தார். புற்றுநோய்க்கு இல்லைங்க, மலச்சிக்கலுக்கு! ஆன்டிபயாட்டிக் இல்லாத காலத்தில் வயிற்றைத் திறப்பது என்றால் சும்மாவா?

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் நடந்தது இன்னும் கொடூரம். அமெரிக்காவின் ட்ரென்டன் மனநல மருத்துவமனைக்கு 1907-லிருந்து தலைவராக இருந்த ஹென்றி காட்டன், பைத்தியத்துக்குக் காரணம் உடம்புக்குள் ஒளிந்திருக்கும் அழுகல்தான் என்று உறுதியாக நம்பினார். முதலில் நோயாளிகளின் பற்களைப் பிடுங்கினார். அப்புறம் டான்சில். அப்புறம் பெருங்குடல். குடல் அறுவை செய்தவர்களில் நூற்றுக்கு முப்பது பேர் செத்துப்போனார்கள் என்பது அவரே கொடுத்த கணக்கு. வேண்டாம் என்று சொல்லக்கூட முடியாத நிலையில் இருந்த மனுஷங்க அவங்க.

அதே காலத்தில் மிச்சிகன் மாநிலத்தின் பேட்டில் கிரீக் நகரில் ஜான் ஹார்வி கெல்லாக் தன்னுடைய சானடோரியத்தில் பணக்காரர்களுக்கு மெஷின் வைத்து எனிமா கொடுத்துக்கொண்டிருந்தார். சாப்பிடும் ஒவ்வொரு வேளைக்கும் ஒரு தடவை போகணும் என்பது அவர் சட்டம். ஆமாம், கார்ன்ஃபிளேக்ஸ் கெல்லாக்தான்.

பஞ்சு சொன்ன உண்மை

இந்தக் கோட்டையில் முதல் பெரிய ஓட்டை போட்டவர் வால்டர் அல்வாரெஸ் என்ற அமெரிக்க மருத்துவர். (இயற்பியல் நோபல் வாங்கிய லூயிஸ் அல்வாரெஸின் அப்பா. விண்கல் விழுந்து டைனோசர் அழிந்தது என்று மகனோடு சேர்ந்து சொன்ன வால்டர் அல்வாரெஸ் இவருடைய பேரன். என்ன குடும்பம்டா சாமி!) 1919-ல் அவர் ஒரு எளிய கேள்வி கேட்டார். மலச்சிக்கலால் வரும் தலைவலியும் மந்தமும், போயிட்டு வந்த உடனே சரியாயிடுதே, ரத்தத்தில் விஷம் கலந்திருந்தால் அது அவ்வளவு சீக்கிரம் எப்படிப் போகும்? குடி போதை பாட்டிலை மூடிய நிமிஷத்தில் இறங்கிவிடுமா என்ன?

1922-ல் டொனால்ட்சன் என்பவர் ஒரு விசித்திரமான பரிசோதனை செய்தார். ஆரோக்கியமான ஆட்களின் மலக்குடலில் பஞ்சை அடைத்து வைத்தார். அதே தலைவலி, அதே எரிச்சல், அதே மந்தம். பஞ்சை எடுத்ததும் எல்லாம் போச்சு. பஞ்சில் ஏது விஷம்? குடல் விரிவதால் நரம்பு வழியாக வரும் அசௌகரியம்தான் அது. நாலு நாள் போகாவிட்டால் அவஸ்தை நிஜம், விஷம் பொய்.

ஆனாலும் வியாபாரம் விடுமா? குடலைக் கழுவுகிறோம், நச்சை நீக்குகிறோம் என்று இன்றைக்கும் 'டீடாக்ஸ்' பாக்கெட் விற்கிறார்கள். ஈபர்ஸ் பாப்பிரஸின் லேட்டஸ்ட் எடிஷன்.

எண்ணிப் பார்த்தார்கள்

இத்தனை நூற்றாண்டு பயந்தவங்கள்ல பெரும்பாலோருக்கு, சாதாரண மனுஷன் உண்மையிலே எத்தனை தடவை போறான் என்று எண்ணிப் பார்க்கத் தோணலை. 1965-ல் பிரிட்டனில் கானெல் என்பவரும் சகாக்களும் தொழிற்சாலைத் தொழிலாளிகள் உட்பட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் விசாரித்தார்கள். ஏறக்குறைய எல்லாருமே ஒரு நாளைக்கு மூன்று தடவை முதல் வாரத்துக்கு மூன்று தடவை என்ற எல்லைக்குள் அடங்கினார்கள். 'மூணுக்கு மூணு' என்று மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கும் கணக்கு இதுதான்.

அடுத்து டெனிஸ் பர்கிட். உகாண்டாவில் வேலை பார்த்த அயர்லாந்து மருத்துவர். பர்கிட் லிம்ஃபோமா என்ற புற்றுநோய்க்குப் பெயர் கொடுத்தவர். அவரும் சகாக்களும் ஆப்பிரிக்கக் கிராமத்தாரின் மலத்தையும் ஆங்கிலேயர்களின் மலத்தையும் தராசில் நிறுத்து, உணவு உள்ளே போய் வெளியே வர எத்தனை மணி நேரம் என்று அளந்து 1972-ல் வெளியிட்டார்கள். நார்ச்சத்து நிறையச் சாப்பிட்ட கிராமத்தாருக்கு எடை பல மடங்கு அதிகம், நேரம் பாதிக்கும் குறைவு. தவிடும் கோதுமை ரொட்டியும் உலகப் புகழ் அடைந்தது இதுக்கப்புறம்தான்.

என்னை ரொம்ப அசத்தினது 1992-ல் வந்த பிரிஸ்டல் ஆய்வு. கென் ஹீட்டனும் சகாக்களும் அந்த நகரத்தில் 838 ஆண்கள், 1059 பெண்களிடம் குறிப்பு எழுதச் சொல்லி வாங்கினார்கள். இருபத்துநாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று கடிகாரம் மாதிரிப் போனவர்கள் ஆண்களில் 40 சதவீதம், பெண்களில் 33 சதவீதம்தான். 'நார்மல்' என்று ஊரே நம்புவது மெஜாரிட்டியே இல்லை! காலைக்கடனை ஒழுங்காக் கட்டுகிறவர்கள் சிறுபான்மையினர்.

அதே ஹீட்டனும் ஸ்டீஃபன் லூயிஸும் 1997-ல் வெளியிட்டதுதான் பிரிஸ்டல் அட்டவணை. ஏழு வகை. ஒண்ணாம் நம்பர் ஆட்டுப் புழுக்கை, ஏழாம் நம்பர் வெறும் தண்ணி, மூணும் நாலும் உத்தமம். இதை நிரூபிக்க ஆட்களுக்கு எக்ஸ்ரேயில் தெரியும் சின்னச் சின்ன வில்லைகளை விழுங்கவைத்து, குடலை வேகப்படுத்த சென்னா என்கிற நிலாவரையைக் கொடுத்தார்கள். உலக மருந்துச் சந்தையில் அந்த இலைக்குப் பெயரே 'டின்னவெல்லி சென்னா', நம்ம திருநெல்வேலிதான். ஆக, இந்த சரித்திரத்தில் நமக்கும் ஒரு இலை பங்கு உண்டு.

அட்டவணையைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனா அது செய்த பெரிய உபகாரம், வாய் திறந்து சொல்லக் கூசுகிறவன்கூட 'டாக்டர், ஆறு' என்று சொல்ல முடிவது.

கண்ணுக்குத் தெரியாத ரத்தம்

இப்போ கதையின் மறுபக்கம். தினமும் போகலையே என்று உலகமே கவலைப்பட்டபோது, உண்மையான வில்லன் சத்தமில்லாமல் வளர்ந்துகொண்டிருந்தான். பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் 'பாலிப்' என்கிற சின்னச் சதைக் குருத்தாக ஆரம்பித்து, புற்றாக மாறப் பத்து வருஷம்கூட எடுத்துக்கொள்ளும். ஆரம்பத்தில் பிடித்தால் பத்தில் ஒன்பது பேர் ஐந்து வருஷம் தாண்டிப் பிழைக்கிறார்கள். இவ்வளவு அவகாசம் கொடுக்கும் புற்றுநோய்கள் கொஞ்சம்தான்.

கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தை மலத்தில் தேடலாம் என்று ஜெர்மன் மருத்துவர் இஸ்மார் போவாஸ் 1901-லேயே சொன்னார். ஒரு மரப் பிசினைத் தடவினால் ரத்தம் இருக்கும் இடம் நீலமாகும். 1960களின் கடைசியில் அது வீட்டிலேயே அட்டையில் தடவி அனுப்பும் பரிசோதனை ஆனது. 1969-ல் நியூயார்க்கில் வுல்ஃப், ஷின்யா என்ற இரண்டு மருத்துவர்கள் வளையும் கொலோனோஸ்கோப் வழியாகவே, வயிற்றைக் கிழிக்காமல், பாலிப்பை அறுத்து எடுத்தார்கள். லேன் முழுக் குடலையும் அறுத்தாரே, இங்கே ஒரு மிளகளவு சதையை எடுத்தால் போதும். 1993-ல் மின்னசோட்டா ஆய்வு முடிவு வந்தது. 46 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். வருஷா வருஷம் அந்த அட்டைப் பரிசோதனை செய்தவர்களில் இந்தப் புற்றால் சாவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

1985 ஜூலையில் அமெரிக்க அதிபர் ரீகனின் குடலில் பெரிய பாலிப் ஒன்றைக் கண்டுபிடித்து, மறுநாளே இரண்டடிக் குடலோடு எடுத்தார்கள். புற்றுதான். சுமார் எட்டு மணி நேரம் அதிகாரம் துணை அதிபர் புஷ் கையில். நாட்டின் செய்தித்தாள்கள் பெருங்குடல் படம் போட்டன. ரீகன் 2004 வரை இருந்தார்.

கூச்சத்தின் விலை

எல்லாருக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. 1966-ல் இங்கிலாந்துக்கு உலகக் கோப்பை வாங்கித் தந்த கேப்டன் பாபி மூர் ஏற்கெனவே 1964-ல் ஒரு புற்றுநோயை ஜெயித்தவர். 1980களின் கடைசியில் வயிற்றுத் தொந்தரவு வந்தபோது அது வெறும் குடல் எரிச்சல் நோய் என்றே சொல்லப்பட்டது என்று அவர் மனைவி ஸ்டெஃபனி பிறகு சொன்னார். 1991-ல் உண்மை தெரிந்தபோது தாமதம் ஆகிவிட்டது. 1993 பிப்ரவரி 24-ல் காலமானார். வயசு 51. மின்னசோட்டா முடிவு வந்த அதே வருஷம்.

டெபோரா ஜேம்ஸ் பள்ளித் துணைத் தலைமை ஆசிரியை. இளம் வயசு, ஓடுவார், பல வருஷமா சைவச் சாப்பாடு. போகும் பழக்கம் மாறியது, ரத்தம் வந்தது, எடை இறங்கியது. 2016 டிசம்பரில், 35 வயசில், பெருங்குடல் புற்று என்று தெரிந்தது. அவர் நம்மளை மாதிரி வலைப்பதிவு எழுத ஆரம்பித்தார். வலையொலி செய்தார். மலத்தைக் கவனியுங்கள் என்று ஒரு நாடே கேட்கும்படி சொல்லிக்கொண்டே இருந்தார். சாகும் தறுவாயில் அவர் தொடங்கிய நிதிக்குச் சில வாரங்களில் அறுபது லட்சம் பவுண்டுக்கு மேல் வந்தது. 2022 ஜூன் 28-ல், 40 வயசில் போய்விட்டார். 'பிளாக் பேந்தர்' நாயகன் சாட்விக் போஸ்மன் அதுக்கு ரெண்டு வருஷம் முன்னால் 43-ல் போனதும் இதே நோய்தான். அமெரிக்காவில் பரிசோதனை ஆரம்பிக்கும் வயசை 50-லிருந்து 45-ஆக 2021-ல் குறைத்ததுக்குக் காரணம், இளையவர்களிடம் இது கூடிக்கொண்டே போவதுதான்.

நம்ம ஊர்லயும் கூச்சத்துக்குக் குறைச்சல் இல்லை. ரத்தம் வந்தால் 'சூடு', இல்லைன்னா 'மூலம்'. மூலம் பௌத்திரத்துக்கு ஆபரேஷன் இல்லாத சிகிச்சை என்று பஸ் ஸ்டாண்டுச் சுவரில் எழுதியிருக்கும் இடத்துக்கு ராத்திரியில் முகத்தை மறைத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அது மூலமாகவே இருக்கலாம். ஆனா 'மூலம்தான்' என்று யார் பார்த்துச் சொன்னது? அதுதான் கேள்வி. மூலம் உள்ளவனுக்குப் புற்று வராது என்று எந்தச் சட்டமும் இல்லை.

அப்போ எப்போ போறது? (டாக்டர்கிட்டதான்)

இத்தனை சரித்திரமும் சொல்கிற பாடம் ஒண்ணுதான். அளவுகோல் அடுத்த வீட்டுக்காரரும் இல்லை, காலண்டரும் இல்லை. உங்க அளவுகோல் நீங்கதான். ரெண்டு நாளைக்கு ஒரு தடவை போறது இருபது வருஷ வழக்கம் என்றால் அது வியாதி இல்லை. தினம் ஒரு தடவை போனவர் திடீர்னு நாலு தடவை போக ஆரம்பித்து அது நிற்கவில்லை என்றால், அது செய்தி.

பயணம், கல்யாணச் சாப்பாடு, பரீட்சை, புது மாத்திரை எல்லாம் குடலைக் குழப்பும். இரும்புச் சத்து மாத்திரை கறுப்பாக்கும், பீட்ரூட் சிவப்பாக்கும். தைராய்டு கோளாறுகூட ரெண்டு பக்கமும் இழுக்கும். கொஞ்ச நாளில் பழையபடி ஆனால் விட்டுடலாம். ஆனா மூணு வாரத்துக்கு மேல் மாற்றம் நீடித்தால் போய்க் காட்டணும். மலத்தில் ரத்தம், தார் மாதிரிக் கறுப்பு, காரணமில்லாமல் எடை இறங்குவது, ரத்தசோகை, தீராத வயிற்று வலி, வயிற்றில் கட்டி, போயிட்டு வந்தும் இன்னும் மிச்சம் இருக்கிற மாதிரியே ஒரு உணர்வு, இதில் எது இருந்தாலும் மூணு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்களுக்கு இந்தப் புற்று வந்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்க. வயிறு உப்பி, வாந்தி எடுத்து, காற்றுகூடப் பிரியவில்லை என்றாலோ, ரத்தம் நிறையப் போனாலோ, அப்பவே ஆஸ்பத்திரி.

இப்படிப் போகிறவர்களில் பெரும்பாலோருக்குப் புற்று இருக்காது. நிம்மதியா வீட்டுக்கு வரலாம். அந்த நிம்மதிக்குக் கொடுக்கும் விலை அஞ்சு நிமிஷக் கூச்சம். முதல் தடவை போனது சரியாகலை என்றால் திரும்பவும் போங்க. மூரின் கதையும் அதைத்தான் சொல்லுது.

உங்க அப்பா அம்மாகிட்ட ஃபோனில் பேசும்போது சாப்பிட்டாச்சா என்று கேட்கிறோமே, அதோடு 'முன்ன மாதிரிதானே போகுது?' என்றும் ஒரு வார்த்தை கேட்டு வைங்க. முதல் தடவை திட்டுவாங்க. அப்புறம் சொல்லுவாங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, சரித்திரம் படிக்கிற ஆசாமி. உங்களைப் பார்த்து, வயிற்றைத் தொட்டுச் சொல்லும் மருத்துவருக்கு இந்தப் பதிவு மாற்று கிடையாது.